உழைச்செல்வான்: கல்லூரியும் இல்லமும் மருந்துக் கடையும்

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறட்பாவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. இவற்றுள் இறுதியாக நிற்கும் ‘உழைச்செல்வான்’ என்னும் சொல் நம் சிந்தனைக்கு உரியது. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே நின்று, மருந்தைப் பிழையாமல் இயற்றிக் கொடுப்பவனே உழைச்செல்வான் என்பது உரையாசிரியர் கொள்கை. மருத்துவனுக்கு ஒரு கூறு அளித்த பெருந்தகை, மருந்தைக் கையாள்பவனுக்கும் அதற்கு நிகரான ஒரு கூற்றினை அளித்திருப்பது எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

அந்த உழைச்செல்வானின் இடத்தில் இன்று நிற்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். அவருக்கும் பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான். மாலை ஆறு மணிக்கு வந்து, பையைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டு, பெட்டிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்குகிறான். காலையில் அவனே நம் வகுப்பறையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து நன்னூல் பாடம் கேட்டவன். குறளில் அவனுக்கு இடம் இல்லை. சட்டத்திலும் பெரிதாக இடம் இல்லை. ஆயினும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள மருந்துக் கடைகளை மாலை நேரத்தில் நோக்குவோர் இத்தகைய மாணவர்களை எளிதில் காணலாம். அவர்தம் படிப்பு, குடும்பம், வேலை ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று முட்டுகின்றன, எங்கே ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் கடையும்

1993 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டத்தினின்றும் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னரே விழுப்புரம் இருப்புப்பாதையால் பெயர் பெற்ற ஊர். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் கூடும் சந்திப்பு அது. திண்டிவனமோ சாலையால் வளர்ந்த ஊர். புளியங்காடு என்னும் பொருள்படும் ‘திந்திரிணிவனம்’ என்பதே திண்டிவனம் என மருவிற்று என்பர். புளியைக் குறிக்கும் வடசொல்லுக்குள் அவ்வூர் ஒளிந்திருப்பதை அவ்வூர் மாணவர்களே பலர் அறியார்!

இரண்டு ஊர்களிலும் மருந்துக் கடைகள் பெருகியமைக்குக் காரணம் வெளிப்படை. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 இல் தொடங்கப்பெற்றது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் சுற்றுவட்டார மக்கள், அங்கே எழுதிக்கொண்ட சீட்டில் உள்ளே கிடைக்காத மருந்தைத் தம் ஊரில் வந்து வாங்குவர். மருத்துவர் மாலையில்தான் தம் இல்லத்தில் நோயாளிகளைப் பார்ப்பார். ஆதலின் கடையில் கூட்டம் சேர்வதும் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரையே. கல்லூரி விட்டபின் தொடங்கி உறங்கும் முன் முடியும் வேலை வேறு எத்தனை உண்டு? கல்லூரி மாணவன் மருந்துக் கடையை நாடுவதற்கும், கடைக்காரர் மாணவனை நாடுவதற்கும் இதுவே அடிப்படை. ஆங்கிலப் பெயர்களைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, கூட்டல் கழித்தல் தவறாத பிள்ளை, கல்லாவில் கை வைக்காத பிள்ளை என்று பள்ளிவாசலில் ஒருவர் பரிந்துரைத்தால் போதும். மறுநாளே வேலை உறுதியாகிவிடும்.

குடும்பத்தின் நிலையும் நாம் அறிந்ததே. தந்தை வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து சும்மா இருப்பார். அல்லது தள்ளுவண்டியில் பழம் விற்பார். அல்லது நோயில் கிடப்பார். தங்கைக்கு மணம் பேசும் காலம் நெருங்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவனே. அவன் கொண்டுவரும் மாத ஊதியம் சிறிதே எனினும், அது வீட்டு வாடகைக்கோ மளிகைக் கணக்குக்கோ முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. இந்நிலையில் ‘வேலையை விட்டுவிட்டுப் படி’ என்று அறிவுரை கூறுதல் நமக்கு எளிது. அவனுக்கு அது பயன்படாது.

நூற்றறுபத்தெட்டு மணி

அறிவுரைக்கு மாறாக ஒரு கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். திண்டிவனத்தில் இல்லமும் விழுப்புரத்தில் கல்லூரியும் உடைய மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நின்று செல்லும் பயணிகள் வண்டியிலோ, நெடுஞ்சாலைப் பேருந்திலோ, வீட்டுப் படி முதல் வகுப்பறை வாயில் வரை ஒன்றரை மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால், போக வர மூன்று மணி. ஐந்து நாட்களுக்கு 15 மணி. வகுப்பும் இடைவேளையும் சேர்ந்து 30 மணி. கடையில் ஆறு மாலைகள் நான்கு மணி வீதம் 24, ஞாயிறு முற்பகல் 4, ஆக 28 மணி. உறக்கம் நாளுக்கு ஏழு மணி எனக் கொண்டால் 49. இவற்றின் கூட்டுத்தொகை 122. எஞ்சுவது 46 மணி.

46 மணி என்றவுடன் சிலர், ‘நாளுக்கு ஆறரை மணி இருக்கிறதே, இன்னும் என்ன குறை?’ என வினவலாம். அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. அந்த ஆறரை மணி ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. உண்பது, குளிப்பது, ஐவேளைத் தொழுகை, ரேஷன் கடை வரிசை, தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, தம்பியின் வீட்டுப்பாடம் ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். வண்டி தாமதமாக வரும் நாளின் இழப்பும் அதனுள்தான். இவை போக, நூலைத் திறந்து அமர்வதற்குக் கிடைப்பது இரவு பத்தரை மணிக்குப் பின் ஒன்றரை மணி. அதுவும் நான்கு மணி நேரம் நின்று களைத்த உடம்போடு. நேரம் குறைவு என்பதைக் காட்டிலும், நல்ல நேரம் குறைவு என்பதே மெய்.

இக்கணக்கினைப் பார்த்த அளவில் ஒன்று புலனாகிறது. வேலை செய்யும் கடை கல்லூரி உள்ள ஊரில் இருத்தல் கூடாது. இல்லம் உள்ள ஊரில் இருத்தல் வேண்டும். விழுப்புரத்துக் கடையில் பத்து மணி வரை நின்று, பின் வண்டி பிடித்துத் திண்டிவனம் சேரும்போது நள்ளிரவாகும். திண்டிவனத்துக் கடையாயின் பத்து மணிக்குக் கதவை இறக்கினால் பத்தேகாலுக்கு இல்லத்தில் சோறு உண்ணலாம். ஊதியம் சற்றுக் குறைந்தாலும் இல்லத்துக்கு அருகில் உள்ள கடையே தக்கது. இரு சுழற்சி முறை உள்ள கல்லூரிகளில் முற்பகல் சுழற்சி கிடைக்குமாயின் அதனைத் தேர்ந்துகொள்வது இன்னும் நன்று. பிற்பகலில் உடல் சோராத இரண்டு மணி நேரம் அவனுக்கு உரியதாகும்.

வருகைப் பதிவும் ஒரு கணக்கே. ஒரு பருவத்திற்கு 90 வேலை நாட்கள். தேர்வெழுதுவதற்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால் 68 நாட்கள் வந்தாக வேண்டும். எஞ்சுவன 22. இந்த 22 நாட்களே அவனுடைய சேமிப்பு. காய்ச்சல், உறவினர் மணம், இறப்பு, இரண்டு பெருநாட்களை ஒட்டிய நாட்கள் ஆகியன இதனுள் போகும். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று ஐந்து நாள், முதலாளி ஊருக்குப் போனார் என்று நான்கு நாள் என இச்சேமிப்பைக் கடைக்குச் செலவிடத் தொடங்கினால், பருவத்தின் நடுவிலேயே கை வறிதாகிவிடும். படிப்பை இடையில் விட்டவர்களை நாம் கண்ட அளவில், ஒரே நாளில் முடிவெடுத்து விட்டவர் அரியர். ஒரு நாள், இரு நாள் எனக் கடைக்கு விட்டுக்கொடுத்துத் தேர்வுக் கூடத்தின் வாயிலில் தடுக்கப்பட்டு நின்றவர்களே மிகப் பலர்.

எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது

பிற பகுதி நேர வேலைகளுக்கும் மருந்துக் கடை வேலைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. துணிக்கடையில் அளவு மாறினால் மாற்றிக் கொடுக்கலாம். மருந்து மாறினால் மீட்சி இல்லை. உலகறிந்த சான்று ஒன்றைக் கூறுவோம். வயிற்றில் சுரக்கும் அமிலத்தைக் குறைக்கும் ‘லோசெக்’ என்ற மருந்தும், சிறுநீரைப் பெருக்கும் ‘லாசிக்ஸ்’ என்ற மருந்தும் பெயரால் நெருங்கியவை. கையெழுத்துத் தெளிவின்றி ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடும் பிழைகள் நேர்ந்தமையால், அமெரிக்காவில் 1990 இல் லோசெக்கின் பெயரையே ‘பிரைலோசெக்’ என்று மாற்றிவிட்டனர். ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று நாம் புணர்ச்சி விதியில் கற்பிப்பது அங்கே உயிரின் மேல் நிற்கிறது. மூட்டு வாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டிய ‘மெத்தோட்ரெக்சேட்’ மாத்திரையை நாள்தோறும் உண்ணுமாறு தவறாகச் சொல்லிவிட்டால் உயிருக்கே ஊறு நேரும்.

இது கருதியே 1948 ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலத்தலையும் எடுத்துக் கொடுத்தலையும் பதிவு பெற்ற மருந்தாளுநரே செய்தல் வேண்டும் என 42 ஆம் பிரிவில் விதித்தது. மீறினால் சிறையும் தண்டமும் உண்டு. மருந்து விதிகள், 1945, மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் சீட்டு மருந்து வழங்கப்பெற வேண்டும் என்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவற்றையும் காசநோய் மருந்துகளையும் அடக்கிய ‘எச்-1’ அட்டவணை 2013 இல் அறிவிக்கப்பெற்று 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வகை மருந்து விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். 2022 நவம்பரில் பீகார் மாநில வழக்கு ஒன்றில், போலி மருந்தாளுநர்களைக் கொண்டு நிலையங்கள் நடத்துவது மக்கள் உயிரோடு விளையாடுவதாகும் என்ற கருத்தினை உச்ச நீதிமன்றம் வன்மையாகத் தெரிவித்தது.

அப்படியாயின் மாணவன் கடையில் என்னதான் செய்யலாம்? வந்திறங்கும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிடலாம், பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பதியலாம், அடுக்கலாம், பில் போடலாம், குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை இன்சுலினுக்குரிய 2 முதல் 8 பாகைக்குள் இருக்கிறதா எனப் பார்த்து எழுதலாம், காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்பும் கணக்கை வைக்கலாம். மருந்தாளுநரின் கண்முன் அவர் சொன்ன அட்டையை எடுத்து அவர் கையில் கொடுக்கலாம். ஆனால் ‘தம்பி, மூணு நாளா இருமல், ஏதாச்சும் கொடு’ என்று கேட்டு நிற்கும் முதியவருக்குத் தானாக எதையும் எடுத்துத் தருதல் கூடாது. இரவு எட்டு மணிக்கு மருந்தாளுநர் வீட்டுக்குப் போய்விட, அவர் பெயர் தாங்கிய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, மாணவன் ஒருவனே சீட்டைப் படித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு என்பதை நாடறியும். அத்தகைய கடையில் நிற்கும் மாணவன் தன்னை உழைச்செல்வான் என எண்ணி மயங்குகிறான். பிழை நேர்ந்த நாளில் அவனுக்குக் காப்பு ஒன்றும் இல்லை. ‘மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் சீட்டு வாங்க மாட்டேன்’ என்று வேலையில் சேரும் நாளிலேயே பணிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். அதனை ஏற்காத முதலாளியிடம் வேலை செய்யாதிருத்தலே அவனுக்கும் ஊருக்கும் நலம்.

அடுக்குதல் என்று மேலே குறித்தோம். அதில் தமிழ் மாணவனுக்கு ஒரு தனி இன்பம் உண்டு. சில கடைகளில் மருந்தை நிறுவன வாரியாகவும் நோய் வாரியாகவும் அடுக்குவர். சில கடைகளில் எழுத்து வரிசையில் அடுக்குவர். முன்னது திவாகரம் முதலிய நிகண்டுகளின் வைப்பு முறை. பின்னது அகராதி முறை. வீரமாமுனிவர் 1732 இல் சதுரகராதியைச் செய்து நிகண்டிலிருந்து தமிழுக்கு விடுதலை அளித்தார் என்று வகுப்பில் சொன்னால் பலர் கொட்டாவி விடுவர். இருமல் மருந்தைத் தேடி மூன்று வரிசை அலைந்தவன் மட்டும் நிமிர்ந்து உட்காருவான்!

மூடிய கதவும் திறந்த கதவும்

இனி நாம் முதன்மையாகச் சொல்லக் கருதியதற்கு வருவோம். சமுதாயப் பெரியவர்கள் பலர், ‘மெடிக்கலில் நாலு வருஷம் நின்றால் தொழில் கைக்கு வந்துவிடும், அப்புறம் சொந்தக் கடை போட்டுக்கொள்ளலாம்’ என்று இளைஞர்களுக்குக் கூறுவர். அவர்கள் பொய் கூறவில்லை. தாம் வாழ்ந்த காலத்தின் மெய்யைக் கூறுகின்றனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் பதிவேடு தொகுக்கப்பெற்றபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டுகள் மருந்து கலந்து பழகியவரையும் பதிவு செய்துகொள்ள இடம் இருந்தது. நம் இளமைக் காலத்தில் ஊருக்கு ஊர் புகழோடு விளங்கிய கம்பவுண்டர்களுள் பலர் இவ்வழியே வந்தவர்கள். மருந்து விதிகளிலும் நான்காண்டு அனுபவம் உடையவரைத் தகுதியுடையவராக ஏற்கும் வழி இருந்தது. ஆனால் அந்த ஏற்பு 1969 டிசம்பர் 31 ஆம் நாளுக்குள் பெற்றிருக்க வேண்டும். அத்துடன் அக்கதவு மூடிற்று.

இன்று சில்லறை மருந்துக் கடையின் மருந்தாளுநர் ஆவதற்குப் பட்டயப் படிப்பேனும் வேண்டும். மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ கணிதமோ பயின்றிருத்தல், பின் ஈராண்டுப் படிப்பு, பின்னர் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, அதன்பின் மாநில மருந்தியல் மன்றத்தில் பதிவு என்பதே முறை. கடையில் நின்ற ஆண்டுகள் பத்தாயினும், அவை இப்படிப்பில் ஒரு நாளையும் குறைப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலோ வரலாறோ எடுத்தவனுக்கு இவ்வழியே இல்லை. பதினைந்து வயதில் எடுக்கப்படும் பிரிவு இத்துணை தூரம் தொடர்ந்து வருகிறது என்பதைப் பள்ளி மாணவரின் பெற்றோர் அறிதல் வேண்டும். அறிவியல் பிரிவில் தேறிப் பின் கலைப் பட்டம் பயில்வோர்க்கு மட்டும், பட்டம் முடித்தபின் பட்டயத்தில் சேரும் வாய்ப்பு எஞ்சி நிற்கிறது.

இவ்விடத்தில் கடையின் பயனைக் கல்லூரிப் பட்டம் உயர்த்தும் வழி ஒன்று உண்டு. அதனை மாணவரும் பெற்றோரும் பெரும்பாலும் அறிவதில்லை. மருந்தை மொத்தமாக விற்பதற்குரிய உரிமம் சில்லறை உரிமத்தின் வேறானது. மருந்து விதிகளின் 64 ஆம் விதி, மொத்த விற்பனைக்குப் பொறுப்பேற்கும் தகுதியுடையவர் என மூவகையினரைக் கூறுகிறது. முதல்வர் பதிவு பெற்ற மருந்தாளுநர். இரண்டாமவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறி, மருந்து விற்பனையில் நான்காண்டு அனுபவம் உடையவர். மூன்றாமவர் ஏற்புடைய பல்கலைக்கழகத்தின் பட்டமும், மருந்துத் துறையில் ஓராண்டு அனுபவமும் உடையவர். பட்டம் எத்துறையினது என்று அவ்விதி கேட்கவில்லை. தமிழ் இலக்கியப் பட்டமும் பட்டமே! நான்காண்டு அனுபவத்தை ஓராண்டாகச் சுருக்கும் ஆற்றல் அந்தப் பட்டத்திற்கு உண்டு. உரிமம் வேண்டுவோர் அன்றைக்குள்ள விதியை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் முறை. கடைக்காகப் பட்டத்தைக் கைவிடும் மாணவன், கடைத்தொழிலில் மேலே ஏறும் ஏணியையே கைவிடுகிறான் என்பதை இதனால் உணரலாம். ஆதலின் அவன் செய்யும் வேலைக்குச் சான்று வேண்டும். ஊதியப் பதிவேட்டில் பெயர் வேண்டும். வாய்மொழியாக நின்ற வேலையை எந்த அலுவலகமும் அனுபவமாக ஏற்பதில்லை. ‘நம்ம பிள்ளை’ என்று சொல்லிப் பெயரைப் பதியாத முதலாளிகளிடம் பெரியவர்கள் இதனை எடுத்துச் சொல்லலாம்.

முன்னோர் இருவர்

மருந்துக் கடையும் கல்வியும் ஒன்றாக இருந்த இருவரை ஈண்டு நினைத்தல் பொருந்தும். பாரசீகப் பெருங்கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் நிஷாப்பூரில் மருந்தகம் நடத்தியவர். ‘அத்தார்’ என்ற பெயரே அத்தொழிலைக் குறிப்பது. நாடி காட்ட வந்தோர் கூட்டத்தின் நடுவே மருந்தகத்தில் இருந்தபடியே தம் நூல்கள் சிலவற்றைத் தொடங்கினார் என்று மரபு கூறும். நம் தமிழில் ‘அத்தர்’ என்னும் சொல் மணப்பொருளோடு நின்றுவிட்டது. மூலத்தில் மணமும் மருந்தும் ஒரே கடையில் இருந்தன.

மற்றவர் நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன். குடும்பம் நொடித்தமையால் 1844 இல், பதினைந்து வயதில், கிரிம்ஸ்டாட் என்னும் சிற்றூரில் மருந்துக் கடைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆறாண்டுகள் அங்கே கழிந்தன. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக இரவில் இலத்தீன் படித்தார். பாடத்தில் வந்த காட்டிலைன் என்னும் உரோமானியனின் வரலாறே அவருடைய முதல் நாடகமாயிற்று. 1850 இல் தலைநகர் சென்று தேர்வெழுதினார், சில பாடங்களில் தேறவில்லை, பட்டமும் பெறவில்லை. அவர் மேதை, பட்டமின்றியும் நின்றார். மேதையின் வாழ்வை எடுத்துக்காட்டி, ‘பார், அவன் கடையில் நின்றே சாதித்தான்’ என்று நம் மாணவனிடம் கூறுவது நமக்கு உடன்பாடன்று. இப்சனுக்கே தேர்வு கடினமாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் காண வேண்டுவது.

இல்லத்தார்க்கும் பெரியோர்க்கும்

இல்லத்தில் இவனுடைய ஊதியத்தைக் காண்கின்றனர், களைப்பைக் காண்பதில்லை. ஞாயிறு பிற்பகல் ஒன்றே அவனுக்கு முழுமையாகக் கிடைக்கும் பொழுது. அப்பொழுதில்தான் உறவினர் வருவர். மின்கட்டணம், கேஸ் உருளை முதலிய வெளிவேலைகள் அவனுக்காகக் காத்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தல் இல்லத்தாரால் இயலும். ஒரு ரூபாயும் செலவில்லாத உதவி அது. பெண்மக்களின் நிலை இன்னும் நுட்பமானது. மருந்துக் கடையில் பில் போடும் மாணவியர் இன்று மிகுந்துள்ளனர். கடை முடிந்து வந்தபின் அடுப்படியும் அவர்களுக்கே உரியதாகிவிடுகிறது. தமையனுக்கு நாம் போட்ட 46 மணிக் கணக்கு தங்கைக்குப் பொருந்தாது. அவளுக்கு எஞ்சுவது அதனினும் குறைவு.

கடைக்காரரின் கடமைகளும் சில உள. மஃரிபும் இஷாவும் கூட்டம் மிகுந்த நேரத்தில் வருவன. இருவர் இருவராக முறை வைத்து அனுப்பினால் தொழுகையும் நடக்கும், கடையும் நடக்கும். இதனைப் பல கடைகளில் மாற்றுச் சமயத்து முதலாளிகளே செம்மையாகச் செய்து வருகின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. நான்கு மணி நேரம் நிற்கும் பிள்ளைக்கு ஒரு முக்காலி போடுதல் இரக்கம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021 இல் திருத்தப்பெற்று, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது.

சமுதாயப் பெரியோர் கல்வி உதவி வழங்கும்போது சேர்க்கைக் கட்டணத்தையே நினைக்கின்றனர். சூன் மாதத்தில் கூட்டம் போட்டு, மேடையில் காசோலை வழங்கி, படம் எடுத்துக்கொள்வதோடு அது நிறைவுறுகிறது. மாணவன் தளர்வது சூனில் அன்று. அக்டோபரிலும் மார்ச்சிலும் தான். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்துகொண்டே பாடம் நடத்தியவர்கள். அவர்களிடம் பயின்ற அபூ யூசுஃபை, குடும்பத்தின் வறுமையால் வீட்டார் வேலைக்கு அழைத்துக்கொண்டனர். இமாம் அவர்கள் அக்குடும்பத்திற்கு வேண்டிய பொருளைத் தாமே தொடர்ந்து கொடுத்து மாணவரைப் பாடத்திற்கு மீட்டார்கள் என வரலாற்று நூல்கள் உரைக்கும். அம்மாணவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். இங்கே கொடுக்கப்பட்டது கட்டணம் அன்று, இழந்த ஊதியம். நம் ஜமாஅத்துகள் தேர்வுக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு, அந்த மாணவன் கடையில் பெறும் ஊதியத்தை மட்டும் இல்லத்திற்குக் கொடுத்தால், ஆண்டுக்கு இருமுறை மூன்று மாத ஊதியமே செலவாகும். அரசும் இவ்வழியில் நடக்கத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 இலும், மாணவர்க்கு அதே தொகை வழங்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 இலும் தொடங்கப்பெற்றன. தனியார் பள்ளியில் பயின்று வந்தமையால் இத்திட்டங்களுக்கு வெளியே நிற்கும் ஏழைப் பிள்ளைகளைத் தேடிக் காண்பது ஜமாஅத்தின் வேலை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது எளியது. வகுப்பில் யார் யார் மாலையில் வேலைக்குச் செல்கின்றனர் என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே தனித்தனியே கேட்டறிந்து குறித்துக்கொள்ளலாம். பலர் முன்னிலையில் கேட்டால் கூசுவர். அகமதிப்பீட்டுத் தேர்வின் நாட்களையும் பருவத் தேர்வின் நாட்களையும் முன்கூட்டியே அச்சிட்டு, துறைத் தலைவர் கையொப்பத்துடன் அவர்களிடம் தந்தால், கடைக்காரர் அதனைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். மாணவன் வாயால் கேட்கும் விடுப்பைவிடக் கல்லூரி முத்திரையிட்ட தாளுக்குக் கடைவீதியில் மதிப்பு மிகுதி. நவம்பர் தேர்வுக்குரிய தாள் செப்டம்பர் முடிவதற்குள்ளும், ஏப்ரல் தேர்வுக்குரிய தாள் பிப்ரவரி முடிவதற்குள்ளும் அவர் கையில் இருக்குமாயின், மாற்றாள் ஒருவரைத் தேடிக்கொள்ள அவருக்கும் ஒரு மாதம் கிடைக்கும்.